தாயகம் பிரேசில், சொந்த ஊர் பண்ருட்டி

(சிதம்பரத்தில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவைப் பற்றிய பொது அறிவு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு வழிகாட்டி நூல்களில் இதற்கென்றே சில பக்கங்கள் இருக்கும். முந்திரியின் தாயகம் எது? பிரேசில். தமிழ்நாட்டின் மாநிலப் பழம் எது? பலா. கேள்வி ஒரு வரி, விடை ஒரு சொல். அந்த விடைகள் சரியானவை. மனப்பாடம் செய்ய வேண்டியவைதான், செய்யுங்கள். ஆனால் பிரேசிலில் பிறந்த மரம் பண்ருட்டிச் செம்மண்ணுக்கு எப்படி வந்தது, அதன் கொட்டையை உடைப்பவர் யார், உடைக்கும் கை என்ன ஆகிறது என்பதும் பொது அறிவுதான். அதை எந்த வழிகாட்டியும் கேட்பதில்லை. கடலூர் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த இரண்டாவது பாதியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் இன்று சிதம்பரத்தில் புறப்பட்டு, மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வடலூரில் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன்.

முதலில் இந்த ஊர். சிதம்பரம் என்றால் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். நடராசர் கோயிலில் நிவேதனமாகும் இணை அது. சம்பா சாதத்தில் என்ன இருக்கிறது? சோறு, நெய், மிளகு, சீரகம், உப்பு. அவ்வளவுதான். இதை எண்ணிப் பார்த்தால் ஒரு பெரிய வரலாறு தெரியவரும். கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்டது 1492இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதற்குப் பிறகுதான் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, சோளத்தில் மக்காச்சோளம், பழத்தில் அன்னாசியும் கொய்யாவும் நம் மண்ணுக்கு வந்தன. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு. சம்பா சாதத்தில் அந்தப் புதிய சரக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் வாழ்ந்த ஒருவருக்கு இன்று இந்தச் சோற்றை வைத்தால், தெரிந்த ருசி என்றே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கொத்சை வைத்தால் ஓர் இடத்தில் தயங்குவார். கத்தரிக்காய் அவருக்குப் பழக்கமானது. கத்தரியின் பூர்விகம் இந்தியா. நல்லெண்ணெயும் அப்படித்தான், எள்ளை முதலில் பயிராக்கியவர்கள் இந்தத் துணைக்கண்டத்தார். புளிய மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லாத அளவுக்குப் பழைய வரவு. கொத்தமல்லி மேற்குத் திசையிலிருந்து வந்தது. பெருங்காயம் இன்றைக்கும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும்தான் வருகிறது. இவையெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதது காய்ந்த மிளகாய் ஒன்றுதான். ஒரு கிண்ணம் கொத்சில் மேற்காசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஒரு வாணலியில் சேர்த்து, கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி மசித்து, வறுத்து அரைத்த பொடி தூவி, இது சிதம்பரத்துச் சமையல் என்று உலகம் சொல்லும்படி செய்தவை இந்த ஊர்க் கைகள். கோயிலில் வெங்காயம் சேர்ப்பதில்லை. ஊரில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் கொத்சில் சின்ன வெங்காயம் உண்டு. இரண்டும் நல்ல கொத்சுதான்.

சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் என்றால் ஐப்பசிப் பௌர்ணமி நினைவுக்கு வரும். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினந்தோறும் அன்னாபிஷேகம் நடக்கிறது. சோற்றுக்கு இந்த ஊர் கொடுக்கும் இடம் அப்படி. மார்கழித் திருவாதிரையில் படைக்கும் களியும் இந்த ஊரோடு சேர்ந்ததுதான். விறகு வெட்டிப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விற்காமல் போன நாளில் இருந்ததை வைத்துக் களி கிண்டினார் என்பதும், அதை இறைவன் ஏற்றார் என்பதும் கதை. இல்லாதவன் வீட்டு உணவு ஆண்டுக்கு ஒருமுறை தமிழ்நாடு முழுக்க நிவேதனமாகிறது. அதோடு வைக்கும் ஏழுகறிக் கூட்டில் அவரையும் சேனையும் பழைய உறவுகள். பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நைவேத்தியத் தட்டிலும் வந்தவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

சம்பா நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்கு நாம் காட்டுமன்னார்கோயில் பக்கம் போக வேண்டும்.

வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்த ஏரி என்பது வழிவழியாக வரும் செய்தி. போர் வராமல் காத்திருந்த படைவீரர்களை வைத்து வெட்டினான் என்பார்கள். அந்த இளவரசன் 949இல் தக்கோலப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே இறந்தான். ஏரி இருக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இந்தக் கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. வாசகர்கள் பலருக்கு வீராணம் அந்த நாவலின் முதல் அத்தியாயமாகத்தான் அறிமுகம். உழவர்களுக்கு அது வேறு. கொள்ளிடத்தில் அணைக்கரை என்னும் இடத்தில் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் ஏறினால் நாற்று விடலாம், ஏறாவிட்டால் வானம் பார்க்க வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசும்போது குடிநீரை விட்டுவிடுகிறோம். உலகில் அதிகம் குடிக்கப்படும் பானம் எது என்று கேட்டால், தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தேநீர் என்று எழுதுவார்கள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்கும் நூலை நான் பார்த்ததில்லை. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. அங்கே ஒரு வீட்டில் காலைக் காப்பிக்கு அடுப்பில் வைக்கும் தண்ணீரில் கொள்ளிடம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நெல்லுக்காக வெட்டிய ஏரி, இருநூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு பெருநகரத்தின் தாகத்தைத் தணிக்கிறது. காவிரியில் தண்ணீர் குறையும் ஆண்டில் யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுகிறது. அது இந்தப் பகுதி உழவர்களின் நியாயமான கேள்வி. சென்னைக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டாவது குடிக்க வேண்டும்.

ஏரியைத் தாண்டினால் ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் கோயில். இங்கே தரும் பிரசாதம் நான் அறிந்தவரை மிக அரியது. கோரைக்கிழங்கைச் சுத்தம் செய்து, காயவைத்துப் பொடித்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை. முஸ்தா சூரணம் என்று அதற்குப் பெயர். பன்றி மண்ணைக் கிளறித் தேடித் தின்னும் கிழங்கு கோரை, ஆகவே வராக அவதாரத்துக்கு அது உகந்தது. இதே கோரையை வேளாண் விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்து 1977இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலில் முதலிடம் இந்தக் கோரைக்குத்தான். வெட்டினாலும் கிழங்கு தங்கி மறுபடி முளைக்கும். கரும்பு, நெல், காய்கறி என எந்தப் பயிரையும் விடாது. வயலில் உழவர் சபித்துப் பிடுங்கும் ஒன்றை, கோயிலில் அதே உழவர் கைநீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இதில் முரண் எதுவும் இல்லை. வயிற்றுக்கும் மருந்துக்கும் கோரைக்கிழங்கு நல்லது என்று சித்த வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும்.

மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அப்போது கிள்ளை தர்காவில் இஸ்லாமியப் பெருமக்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். கோயில் பிரசாதம் தர்காவுக்குப் போகும். இந்த நாட்டில் யார் கையால் யார் வாங்கிச் சாப்பிடலாம் என்று எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. நம் மாவட்டத்தின் ஒரு சிறிய கடற்கரை ஊரில் அந்தக் கணக்கு வேறு மாதிரி தீர்க்கப்பட்டிருக்கிறது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

கிள்ளையை அடுத்துப் பிச்சாவரம், வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை. நண்டும் இறாலும் பெருகும் அந்த உப்பங்கழிகளைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில்தான் இருக்கிறது. அங்கே உள்ள அறிஞர்களே அதைப் பேசத் தகுதியானவர்கள் என்பதால் நான் வடக்கே நகர்கிறேன். கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் சேஷ தீர்த்தத்தில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். மூன்றும் எந்தக் காலத்திலும் தமிழன் அடுப்படியில் தீராமல் பார்த்துக்கொண்டவை. வெல்லம் என்றதும் அடுத்த ஊர் நெல்லிக்குப்பம்.

கரும்பை முதலில் வளர்த்தவர்கள் நியூகினித் தீவுக்காரர்கள். அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கி, எடுத்துச் செல்லக்கூடிய சரக்காக மாற்றியவர்கள் இந்தியர்கள். உலகம் சர்க்கரை தின்னக் கற்றுக்கொண்டது இங்கிருந்து. ஆலை வைத்து வெள்ளைச் சர்க்கரை செய்வது பின்னால் வந்தது. 1842இல் நெல்லிக்குப்பத்தில் தாங்கள் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று பாரி நிறுவனம் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறது. நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பாரி அதைப் பார்க்கவில்லை. 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய அந்த வேல்ஸ் நாட்டுக்காரர், 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராவால் இறந்தார். கடலூர்க் கிறிஸ்து நாதர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சென்னைப் பாரிமுனையில் அவர் பெயரைத் தினமும் இலட்சம் பேர் சொல்கிறார்கள். அவர் உறங்குவது நம் ஊரில்.

சர்க்கரை இருக்கும் இடத்தில் மிட்டாய் வரும். பாரி மிட்டாய்த் தொழில் 1914இல் தொடங்கியது. நெல்லிக்குப்பத்தில் செய்த மிட்டாய்கள் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிகளை நிரப்பின. காபி பைட், லாக்டோ கிங் என்றால் இங்கே இருக்கும் நாற்பது வயதுக்காரர்கள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். 2004இல் அந்த மிட்டாய் நிறுவனத்தைக் கொரியாவின் லோட்டே வாங்கியது. வீராணம் சென்னைக்குப் போனதும் அதே ஆண்டுதான். அந்த ஆண்டின் முடிவில் சுனாமியும் வந்தது. கடலூருக்கு மறக்க முடியாத ஆண்டு அது.

இனிப் பண்ருட்டி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பலா நம் மண்ணின் பிள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் அதன் பூர்விகம். மரத்தில் காய்க்கும் கனிகளில் உலகிலேயே பெரியது. ஒரு பலாப்பழம் ஒரே பழம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான கூட்டுக்கனி. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ, சுளைகளுக்கு நடுவே நாராக நிற்கும் சடையாகிறது. சுளை நிறைந்த பழத்தை அறுக்கும்போது, பூச்சிகள் அந்த மரத்தில் நன்றாக வேலை செய்திருக்கின்றன என்று பொருள். பண்ருட்டிச் செம்மண்ணில் விளையும் பழத்துக்குத் தனிச் சுவை. சித்திரையிலிருந்து ஆனி வரை சாலையோரமெங்கும் குவிந்து கிடக்கும். பாலூரில் 1905இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், பாலூர் 1 என்ற பலா ரகத்தைக் கொடுத்திருக்கிறது.

முந்திரி வந்த பிள்ளை. வடகிழக்குப் பிரேசிலிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள். மாமரத்தின் உறவு, ஒரே குடும்பம். முந்திரிப்பழம் என்று நாம் உப்புத் தொட்டுச் சாப்பிடும் சிவப்பு, மஞ்சள் பழம், தாவரவியல் கணக்கில் உண்மையான கனி ஆகாது. பூவின் காம்பு பருத்து அப்படி ஆகிறது. அடியில் தொங்கும் கொட்டைதான் கனி. அந்தப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளில் அழுகிவிடுவதால் பெரும்பாலும் தோப்பிலேயே வீணாகிறது. கோவாவில் அதைக் காய்ச்சி ஃபெனி வடிக்கிறார்கள்.

கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. கைபட்டால் தோல் வெந்து உரியும். வண்டிகளின் பிரேக்கிலும் பெயின்டிலும் பயன்படும் அளவுக்குக் காரமான பொருள் அது. வேகவைத்தோ வறுத்தோ, பின்பு ஒவ்வொன்றாக உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்க வேண்டும். பண்ருட்டி வட்டாரத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துப் போகும். கடையில் டப்பாவின்மேல் டபிள்யூ 320 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், 320 வரை முழுப் பருப்புகள் என்று அதற்குப் பொருள். டபிள்யூ 180 என்றால் பருப்பு பெரியது, விலையும் அதிகம். தேர்வில் இதைக் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த 320 பருப்பும் உடையாமல் வெளியே வர ஓர் அக்காவின் கை 320 முறை சரியான வேகத்தில் சரியான இடத்தில் தட்டியிருக்க வேண்டும். பாயசத்தில் மிதக்கும் முந்திரியைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது. கையில் கறை படாமல் காக்கும் கருவிகளும் கையுறைகளும் எல்லாக் குடிசைக்கும் போய்ச் சேர வேண்டும். கூலியும் உயர வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் வி.ஆர்.ஐ. ரகங்களை உருவாக்கிக் கொடுத்தது. ஆனாலும் இங்கே உடைபடும் கொட்டைகள் எல்லாம் இங்கே விளைந்தவை என்று நினைக்க வேண்டாம். ஐவரி கோஸ்ட், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. இங்கே விளைவதற்கும் ஒரு பெரிய அடி விழுந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மூன்று தலைமுறை பார்த்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. பலா போனால் பேரன்தான் மறுபடி நிழல் பார்ப்பான். அந்தப் பண்ருட்டி திரும்ப நட்டது. இன்று அங்கே காய்ப்பவற்றில் பல அதற்குப் பின் வைத்த கன்றுகள்.

மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, சொல்லாமல் போனால் இந்தப் பக்கத்து உழவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அதுவும் தென்னமெரிக்கப் பயிர்தான். பூ வெளியே பூக்கும், ஊசிபோல ஒரு காம்பு மண்ணுக்குள் இறங்கி அங்கே காய் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடலூர் அடங்கிய அன்றைய தென்னாற்காட்டு மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது.

கடைசியாக வடலூர்.

மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர், பேர் கேட்காமல் பசியோடு வந்தவருக்குச் சோறு போடுவது அங்கே விதி. பசிதான் எல்லாத் துன்பத்துக்கும் முதல் என்று கண்டவர் அவர். தருமச்சாலை தொடங்கியதற்கு முந்தைய ஆண்டுதான், 1866இல், ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் கீழைக்கரையிலும் கொடும் பஞ்சம். 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அடிகள் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து 1876இல் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்தப் பஞ்சத்தில் ஓர் உணவுக் கணக்கு நடந்தது. உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் போதும் என்பது கேள்வி. வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877இல் ஒரு பவுண்டு போதும் என்றார். நாள் முழுவதும் மண் வெட்டிக் கல் சுமந்த ஒருவருக்கு 454 கிராம் தானியமும், மேற்கொண்டு சிறு காசும். முந்திரியைத் தரம் பிரிக்கும் அதே பவுண்டு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் மனிதன் உயிர் தாங்க மாட்டான் என்று எழுத்து மூலம் வாதிட்டார். நிவாரண முகாம்களில் நிகழ்ந்த சாவுகளை எண்ணி அடுக்கினார். சில மாதங்களில் அந்த அளவைச் சென்னை அரசு தளர்த்த நேர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். டெம்பிளின் பவுண்டும் கார்னிஷின் மறுப்பும் ஊட்டச்சத்து வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கின்றன. நம் வழிகாட்டி நூல்களில் இல்லை. அடுத்த பதிப்பு போடுகிறவர்கள், முந்திரியின் தாயகத்துக்குக் கீழே அந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் விடையைத் தேடித் தென்னாற்காட்டு மாவட்ட வரலாற்றைப் புரட்டட்டும், வடலூருக்கு ஒரு நாள் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும்.